ஒரு குச்சி, ஒரு சாக்பீஸ் டப்பா



"பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஆர்வமே இல்லை" என்று குறுவள மையக் கூட்டங்களில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம்தான் பல பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போடுகிறது என்பது என் அனுபவம். அதனால், விடையைச் சொல்லும் முன் அவர்களுடைய ஊகத்தை எழுதி வாங்கிவிடுவேன்.

ஜூலையில் எட்டாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன்: "உச்சிவெயிலில் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும்?" துண்டுத்தாளில் பெயர் போடாமல் எழுதி, மடித்து, சாக்பீஸ் டப்பாவில் போட வேண்டும். "நிழலே விழாது" என்றுதான் பலரும் எழுதுவார்கள். சரி, தவறு எதுவும் நான் சொல்வதில்லை.

பிறகு மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுவோம். 11.50 முதல் 12.50 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இருவர் போய் நிழலின் நுனியில் கல் வைப்பார்கள். மற்றவர்கள் மரத்தடியில் இருப்பார்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு.

நிழல் தெற்கே விழுகிறது! மிகக் குட்டையான நிழலோ 12 மணிக்கு வருவதில்லை. ஊரைப் பொறுத்து 15 முதல் 30 நிமிடம் தாமதமாகிறது. "ஏன் டீச்சர்?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம் என்று அப்போது சொன்னால் மனத்தில் நிற்கிறது.

வாரம் ஒருமுறை அளந்தால் நிழல் குறுகிக்கொண்டே வரும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலிருந்து மாத இறுதிக்குள், ஊருக்கு ஏற்ற ஒரு நாளில் அது குச்சியின் அடியிலேயே மறையும். அதுதான் நிழலில்லா நாள். ஏப்ரலிலும் ஒருமுறை வரும். அன்று டப்பாவைத் திறந்து ஊகங்களை வாசிப்போம். பெயர் இல்லாததால் யாருக்கும் கூச்சமில்லை.

சென்ற ஆண்டு அளவுகளைக் குறித்துவைத்தவன், வாசிக்கத் தடுமாறும் ஒரு மாணவன். வகுப்பில் வாயே திறக்காதவன், "டெல்லியில இந்த நாள் வருமா டீச்சர்?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் வரைபடத்தைக் கொடுத்தேன். கடகரேகையில் விரல் வைத்து, "சூரியன் இதைத் தாண்டாதே, அப்ப டெல்லிக்கு வராது" என்றான். அன்று முதல் அவன் கையைத் தூக்குகிறான்.

செலவு ஏதுமில்லை. வரும் ஜூலையில் நீங்களும் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள்.