கோடையில் ஏரி விரால்: தூண்டிலும் வலையும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



"அம்பத்தூரிலும் ஆவடியிலும் உழவு எங்கே ஐயா இருக்கிறது, வேளாண் விரிவாக்க அலுவலருக்கு அங்கே என்ன வேலை?" என்று சிலர் கேலியாகக் கேட்பார்கள். வயல் சுருங்கிப்போனது உண்மைதான். ஆனால் உழவுக்காக வெட்டிய ஏரிகள் அங்கங்கே மிச்சம் இருக்கின்றன. நெல் விளைந்த காலத்திலும் சரி, இன்றைக்கும் சரி, கோடை வந்தால் ஏரி தருகிற இரண்டாம் விளைச்சல் மீன். அதிலே ராஜா விரால். பூந்தமல்லிக்கு மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியை மனசில் வைத்துக்கொண்டு, கோடையில் விரால் எங்கே நிற்கும், எப்படிப் பிடிப்பது, எதை விட்டுவைப்பது என்று இன்று பார்க்கலாம்.

முதலில் ஏரியின் அமைப்பு. செம்பரம்பாக்கம் நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி. கேட்கப் பெரிய கணக்கு. ஆனால் ஆழம் எவ்வளவு? முழுக் கொள்ளளவில் 24 அடி. அதுவும் கிழக்கே கரையோரத்தில், மதகுப் பக்கத்தில்தான். மேற்கே உள்வாய்க்குப் போகப்போக இடுப்பளவு, முழங்காலளவு, கடைசியில் சேறு. பார்வைக்குச் சமுத்திரம், உண்மையில் அகலத் தாம்பாளம். சித்திரை, வைகாசி வெயிலில் தாம்பாளத்துத் தண்ணீர் சீக்கிரம் சூடேறிவிடும் இல்லையா? கோடை மீன்பிடிப்பின் சூட்சுமம் எல்லாம் இந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

மீனுக்கும் மூச்சு வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் அது செவுளால் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் 20 டிகிரி சென்டிகிரேடில் இருந்தால் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரி ஆனால் ஏழரைதான். சூடு ஏற ஏற இருப்பு குறைகிறது. மீனுக்கோ சூட்டில் பசியும் மூச்சும் கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரி ஆகிவிடும். இதோடு பாசி பிடித்த பச்சைத் தண்ணீராக இருந்தால் இன்னொரு சங்கடம். பகலில் பாசி வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடும். இரவில் வெயில் இல்லை. பாசியும் மீனைப் போலவே பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குக் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். "மீன் விளையாடுதுங்க" என்பார்கள். விளையாட்டு இல்லை, அது மூச்சுத் திணறல்.

கட்லாவும் ரோகுவும் இப்படித் தவிக்கும்போது விரால் மட்டும் ஏன் நிம்மதியாக இருக்கிறது? அதன் தலையில், செவுளுக்கு மேலே, காற்றை அடக்கிக்கொள்ள ஓர் அறை உண்டு. சில நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே வந்து, ஒரு வாய்க் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கிவிடும். தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு அடிக்கடி வரும். வளர்ந்த விராலுக்கு இந்தக் காற்று கட்டாயம். தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் அது மூச்சடைத்துச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று சிரிக்காதீர்கள், விரால் சாகும். இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால், தூண்டில்காரருக்கும் பிரயோஜனம், வலைக்காரருக்கும் பிரயோஜனம்.

தூண்டில்காரருக்கு எப்படி? விரால் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். கரையில் சத்தம் போடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். சம்பு, கோரை, அல்லி இலை, ஆகாயத்தாமரை இவற்றின் ஓரத்தில் "ளப்" என்று ஒரு மெல்லிய சத்தம், ஒரு சின்ன வளையம், இரண்டு குமிழி. சற்று நேரம் கழித்து அதே இடத்தில், அல்லது நாலு முழம் தள்ளி, மறுபடியும். அங்கேதான் ஆள் இருக்கிறார். கெண்டை துள்ளினால் தண்ணீர் தெறிக்கும். விரால் மூச்சு வாங்கினால் தண்ணீர் சுழிக்கும். இரண்டு நாள் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

நேரம் என்று கேட்டால், விடியற்காலையிலிருந்து எட்டு மணி வரை ஒரு பொழுது, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை இன்னொரு பொழுது. கத்திரி வெயிலில் உச்சிப்பொழுதுக்கு விரால் செடி நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும், நாமும் படுத்துக்கொள்ளலாம். மாலைப் பொழுதுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நம் பக்கத்துக்குக் கடற்காற்று மதியம் தாண்டித்தான் வந்து சேரும். கிழக்கேயிருந்து அடிக்கிற அந்தக் காற்று மேல் தண்ணீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் மேற்குக் கரைக்குத் தள்ளும். அதைத் தின்னப் பொடி மீன் போகும். பொடி மீனைத் தின்ன விரால் போகும். ஆகவே காற்று விழுந்த மாலையில் மேற்கு உள்வாய்ப் பக்கம் நல்ல இடம். பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால், அது ஏரியில் விழும் இடமும் நல்ல இடம்; ஓடுகிற தண்ணீரில் பிராணவாயு கூடுதல். மண் எடுத்த பள்ளங்களிலும் தண்ணீர் வற்ற வற்ற மீன் கூடும். ஆனால் அந்தப் பள்ளங்களில் இறங்காதீர்கள். முழங்கால் தண்ணீர் என்று கால் வைத்தால் அடுத்த அடி ஆளையே விழுங்கும். கரையில் நின்றே போடுங்கள்.

இனி இரை. பழைய பழக்கம் உயிர்த் தவளையை முள்ளில் மாட்டுவது. வேளாண்மைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் சம்மதம் இல்லை. தவளை நெல் வயலில் சம்பளம் இல்லாத பூச்சிக்கொல்லி. தவளைக் கால் ஏற்றுமதியை நம் நாடு 1987-ல் நிறுத்தியதே இதையெல்லாம் யோசித்துத்தான். இப்போது ரப்பர் தவளை கடைகளில் கிடைக்கிறது. முள் அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடி கொடியில் மாட்டாது. அமெரிக்காக்காரர்கள் ஏரிகளில் பாஸ் என்ற மீனைப் பிடிக்கப் பழக்கிய சாமான் இது. நம் விராலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால், 2002-ல் அங்கே மேரிலாந்து மாநிலத்தில் ஒரு குட்டையில் சீன விரால் இனம் தென்பட்டதும், குட்டைக்கே மருந்து அடித்து அழித்தார்கள். உயிர் விரால் இறக்குமதிக்கும் தடை போட்டார்கள். தங்கள் மீனையெல்லாம் தின்றுவிடும் என்ற பயம். இங்கே தெலங்கானாவில் 2016-ல் விராலை மாநில மீனாக்கியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் நியாயம்!

ரப்பர் தவளையை விரால் மூச்சு விட்ட இடத்தின் மேலேயே போடக் கூடாது, பயந்து ஓடிவிடும். ஐந்தாறு அடி தாண்டிப் போட்டு, இலைமேல் தத்தித் தத்தி வருகிற மாதிரி இழுத்துக்கொண்டு வாருங்கள். செடி இல்லாத திறப்பு வந்தால் சற்று நிறுத்துங்கள். அங்கேதான் அடிக்கும். "டமார்" என்று தண்ணீர் வெடித்ததும் உடனே சுண்டி இழுக்கிறவர்கள்தான் வெறும் தவளையோடு வீடு திரும்புகிறவர்கள். விரால் முதலில் கவ்வும், பிறகுதான் உள்ளே வாங்கும். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் பிறகு பலமாக இழுங்கள். இழுத்த பிறகு நூலைத் தளர விடக்கூடாது. தளர்ந்தால் செடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். மெல்லிய தங்கூசி இதற்கு ஆகாது. 20 கிலோ தாங்கும் பின்னல் நூல் இருந்தால் நல்லது.

ரப்பர் தவளைக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு இருக்கவே இருக்கிறது. 1952-ல் நம் நாட்டுக்கு வந்த மீன். இன்று எந்த ஏரியில் கை விட்டாலும் அதுதான். விரல் நீளக் குஞ்சை முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலில் மட்டும் முள் ஏற்றி, தக்கையிலிருந்து ஒன்றரை அடி ஆழத்தில் விடுங்கள். உயிரோடு நீந்தும், விரால் தேடி வரும். கட்லா, ரோகுவுக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் உருட்டிப் போடுவதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

வலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செவுள் வலையை ஆழத்தில் அமுக்கிக் கட்டிவிட்டு விடிந்து போய்ப் பார்த்தால், மாட்டிய விரால் எல்லாம் செத்துக் கிடக்கும். காரணம் முன்னமே சொன்னேன், மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லை. செத்த விராலுக்கும் உயிர் விராலுக்கும் சந்தையில் விலை வித்தியாசம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். வலையின் மேல் கயிறு தண்ணீர் மட்டத்திலேயே மிதக்கட்டும். ஒரு மணிக்கு ஒரு தரம் வலையைப் பாருங்கள். கண்ணி நாலு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். கொசுவலைத் துணியை இழுப்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். அதில் வருவது மீன் அல்ல, அடுத்த வருஷம்.

அடுத்த வருஷம் என்றேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய ஏரித் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஆற்று வெள்ளம் வேண்டும். 1957-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஊசி மருந்து போட்டு முட்டையிட வைக்கக் கண்டுபிடித்ததால்தான் இன்று பண்ணையிலிருந்து குஞ்சு கொண்டுவந்து ஏரியில் விடுகிறோம். பிடித்துத் தீர்த்தாலும் மறுபடி வாங்கி விடலாம். விராலை அப்படி லட்சக்கணக்கில் வழக்கமாக யாரும் கொண்டுவந்து விடுவதில்லை. அது ஏரியிலேயே மழைக்காலத்தில் செடிகளுக்கு நடுவே கூடு மாதிரி இடம் செய்து, தாயும் தகப்பனும் காவல் இருந்து குஞ்சு பொரிக்கிறது. ஐப்பசி மழைக்கு முட்டையிட வேண்டிய தாய் விரால், வைகாசியில் கடைசிக் குட்டையில் கிடக்கிறது.

2019 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வற்றி, சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்தம் செய்து சென்னைக்குக் கொடுத்த வருஷம் அது. அப்படிப்பட்ட வருஷத்தில் கடைசிக் குட்டையையும் இறைத்து, சேற்றைத் தோண்டி, விரால் அத்தனையையும் அள்ளிவிட்டால் மழைக்குப் பிறகு ஏரிக்குத் தண்ணீர் வரும், விரால் எங்கிருந்து வரும்? ஈரம் இருக்கிற வரை சேற்றுக்குள் புதைந்து உயிரைப் பிடித்துக்கொள்ளும் மீன் அது. அதற்கு நாம் விடவேண்டும். குத்தகைக்காரர்கள் ஒரு பள்ளத்தையாவது தொடாமல் விடுங்கள். தூண்டில்காரர்கள் ஒன்று செய்யலாம். கோடை மழைக்குப் பிறகு சில சமயம் தண்ணீர் மேல் செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் சுழன்றுகொண்டிருக்கும். கீழே தாய் தகப்பன் காவல் இருக்கும். எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் கவ்வும். அது வீரம் காட்டுகிற இடம் இல்லைங்க. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பாருங்கள். பெற்றவர்களை எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை ஒரே நாளில் ஜிலேபியும் கொக்கும் முடித்துவிடும்.

வெடி வைப்பது, விஷம் கலப்பது இரண்டும் 1897-ம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். கரண்ட் கம்பி போடுகிறவர்கள் மீனுக்கு முன்னால் தாங்களே போய்ச் சேரலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருக்கிறது. தூண்டிலில் வந்தால் மறுபடி தண்ணீரில் விடாதீர்கள், பாவம் பார்க்க வேண்டிய மீன் அதுவல்ல.

சிறு ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், தண்ணீர் கரும்பச்சையாக இருந்தால் வைகாசி முடியும் வரை சாணம் கொட்டுவதை நிறுத்துங்கள். கோடை இடிமழை ஒன்று பெய்து அடிச்சேறு கலங்கினால் மறுநாள் விடிகாலையில் மீன் மொத்தமும் மிதக்கும். மழை பெய்த இரவில் மூன்று மணிக்கு எழுந்து, மோட்டாரைப் போட்டு ஏரித் தண்ணீரையே இறைத்து ஏரியிலேயே தெளித்து விழ விடுங்கள். டீசல் செலவு ஆகும்தான். மீன் போனால் ஆகும் செலவு அதைவிடப் பெரிசு.

எந்த ஏரியானாலும் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது, தூண்டில் போட அனுமதி உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி, இஷ்டத்துக்கு இறங்கும் இடம் அல்ல. கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது உங்களுக்குத் தெரியும். சாக்கடை கலக்கிற ஏரியிலும் விரால் கொழுத்து வளரும், காற்றில் மூச்சு விடுகிற மீனாயிற்றே. ஆனால் அதை வீட்டுக் குழம்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பிடித்த மீனை வீடு சேர்க்கும் முறையைச் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். கெண்டை என்றால் எடைக்கு எடை ஐஸ். விராலுக்கு ஐஸ் வேண்டாம். ஒரு பெரிய குடத்தில் அதன் முதுகு நனைகிற அளவு தண்ணீர் போதும். குடத்தை நிரப்பி மூடினால் மூச்சு விட இடமிருக்காது. வாயை ஈரச் சாக்கால் மூடி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். சும்மா மூடி வைத்தால் பூந்தமல்லி பஸ்ஸில் பாதி வழியில் எகிறிக் குதித்துவிடும்.