எண்ணிக்கையில் ஏறிய வீடுகள்

(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் குடியேறிய வரலாற்றை விழாதோறும் பேசி மகிழ்கிறோம். இன்று தாராவியின் கணக்கைச் சற்றுப் பேச விழைகிறோம். கணக்கு என்றதும் முன்வரிசையில் சிறுவர்கள் முகஞ்சுளிப்பது தெரிகிறது, பொறுத்தருள்க!

1976 சனவரியில், அந்நாளைய பம்பாயின் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு, எண்ணப்பட்டோருக்கு அடையாளச் சீட்டு வழங்கப்பட்டது. அச்சீட்டின் அருமை 1985 சூலையில்தான் விளங்கிற்று. நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 1976-இல் எண்ணப்பட்டோருக்கு மாற்றிடம் தரவேண்டும் என்றது. எண்ணப்படாத நடைபாதைவாசிகளுக்கு அவ்வுறுதி கிட்டவில்லை.

அதே ஆண்டில் 'ஸ்பார்க்' என்னும் அமைப்பு, பைகுல்லா நடைபாதைகளில் குடும்பம் குடும்பமாக வினவி எழுதிற்று. அங்கிருந்தோர் நேற்று வந்த நாடோடிகள் அல்லர். வேலைக்கு நடந்தே செல்லும் தொலைவில் தங்கிவிட்ட உழைப்பாளிகள் என்பது வெளிப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்த நம் ஜோக்கின் அற்புதம் கண்ட தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு, அடுத்த ஆண்டு தாராவியையும் எண்ணிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்! அதிகாரிகள் கொண்டிருந்த தொகையினும் அது மிகுதி. ஒரு குழாயடிக்கு எத்தனை குடங்கள், ஒரு கழிப்பிடத்துக்கு எத்தனை பேர் என்று அறியாமல் சாக்கடையின் அகலத்தை எவர் வரையறுக்க முடியும்?

2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கென வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. டிரோன் வானிலிருந்து படம் எடுக்க, ஒளிக்கற்றை பாய்ச்சும் லைடார் கருவி சந்துகளையும் சுவர்களையும் அளந்தது. கருவியைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் சுவரை அளக்கும் கருவி, சுவருக்குள் வாழ்ந்த ஆண்டுகளை அளக்காது. 2000 சனவரி 1-க்கு முன்னரே தரைத்தளத்தில் இருந்தோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு என்பது திட்டம். மாடியில் வாழ்வோருக்கோ தாராவிக்கு வெளியே. அதுவும் விலை செலுத்தியே. இரும்பு ஏணியேறி மேலே குடித்தனம் செய்பவன் கீழிருப்பவனின் உடன்பிறந்தானாகவே இருப்பது நாம் அறிந்தது. ஒரே அடுப்பில் உண்டவர்களை ஒரு பட்டியல் இரண்டாகப் பிரிக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதுங்கா, செம்பூர் இளைஞர்கள் ஞாயிறுதோறும் தாராவி சென்று, முதியோரின் தகரப்பெட்டிகளில் கிடக்கும் பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை ஆண்டுவாரியாக அடுக்கித் தரவேண்டும். தகுதிப் பட்டியலில் பெயர் விடுபட்டோருக்கு முறையீடு எழுதவும் துணைநிற்க வேண்டும். மராத்தியில் வரும் அறிவிப்புகளை, பள்ளியில் அம்மொழி பயிலும் நம் சிறுவர்களே வாசித்துச் சொல்லலாம்; சற்றுமுன் முகஞ்சுளித்தவர்களும் இதற்கு வருவார்கள் என்று நம்புகிறோம்.