எட்டாம் வகுப்பின் கடைசி மாதம்



வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்தியம்புவது மரபு. நமக்கு முன்னர்ப் பேசியோர் அதனைச் செவ்வனே செய்துவிட்டனர். நம் தெருக்களிலிருந்து படித்து உயர்ந்து பதவிகளில் அமர்ந்திருப்போரின் பெயர்களைக் கேட்டு நாமும் கைதட்டினோம். அப்பெயர்களை மீண்டும் அடுக்கப்போவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே காலத்தைக் கழித்துவிட்ட நாம் பள்ளிக்கூடச் செய்தி ஒன்றையே பேச விழைகிறோம். எட்டாம் வகுப்பு முடிகின்ற ஏப்ரல் மாதத்தைப் பற்றியது அச்செய்தி.

ஆண்டின் இறுதியில் பள்ளிகள் ஒரே பரபரப்பாயிருக்கும். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவார்கள். நாடகம், நடனம், பரிசளிப்பு எல்லாம் நடைபெறும். வகுப்பு வாரியாகப் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு நிழற்படம் எடுப்பார்கள். கடைசித் தேர்வு முடிந்த நிமிடமே பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக்கொண்டு ஓடுவார்கள். இந்த மைத் தெளிப்பை நாம் கண்டித்து வந்திருக்கிறோம். துணி பாழாகிறதே என்னும் சினம் மட்டுமன்று காரணம். அதே சட்டையை அணிந்துகொண்டு மறுநாள் காலையில் மிளகாய்த் தோட்டத்திற்குச் செல்லும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

நம் கரிசல் சீமையில் பங்குனியும் சித்திரையும் தேர்வுக்குரிய மாதங்கள் மட்டுமல்ல. மழையை நம்பி விதைத்த மிளகாய் பழுத்து, பறித்துக் களத்தில் காயப்போடும் காலமும் அதுவே. பனையேறிகள் பதநீர் இறக்குகிறார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுகிறார்கள். வேம்பார், வைப்பாறு பக்கம் உப்பளங்களில் ஆள் தேவைப்படுகிறது. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்களில் ஆண்டு முழுவதும் வேலை உண்டு. நம் இளமையில் விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து, தூக்கம் கலையாத சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றதை இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பும் வந்த பின்னர் அந்த வண்டிகள் குறைந்தன. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், தீப்பற்றும் பொருள்கள் உள்ளிட்ட அபாயத் தொழில்களில் 18 வயது நிறையாதோர் எவரையும் அமர்த்தலாகாதென்று கூறுகிறது. வண்டி வருவது நின்றதே தவிர, விடுமுறையில் நாலு காசு சம்பாதித்தால் என்ன என்னும் எண்ணம் நம் வீடுகளைவிட்டு இன்னும் போகவில்லை.

நம் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஆகஸ்டு மாதத்தில், பதிவேடு ஒன்றைத் தேடி அலுவலக அலமாரியைத் திறந்தோம். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்கள் ஐந்து வாங்குவாரின்றிக் கிடந்தன. நம் பள்ளி நடுநிலைப்பள்ளி. ஒன்பதாம் வகுப்பென்றால் வேறு ஊருக்குச் செல்லவேண்டும். பள்ளி திறந்து இரண்டு மாதங்கள் கடந்த பின்னும் சான்றிதழ் அலமாரியில் இருக்கிறதென்றால், பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

ஐந்தில் மேலே கிடந்தது ஒரு மாணவியுடையது. கணக்கில் வகுப்பிலேயே முதல்வி. அன்று மாலையே அவள் வீட்டிற்குச் சென்றோம். வாசலில் தாயார் அமர்ந்திருந்தார். மகள் எங்கே என்று வினவினோம். தோட்ட வேலைக்குப் போயிருப்பதாகக் கூறினார். படிப்பை ஏன் நிறுத்தினீர்கள் என்று சற்றுக் கடிந்தே கேட்டுவிட்டோம். அந்த அம்மையார் கூறிய மறுமொழி இன்றும் நம் செவியில் இருக்கிறது. "நிறுத்தணும்னு நிறுத்தல சார். லீவுல கொஞ்ச நாள் வேலைக்குப் போகட்டும்னுதான் விட்டோம். அப்படியே ஜூன் போயிருச்சு. ஏன் வரலைன்னு யாரும் வந்து கேக்கல."

யாரும் வந்து கேட்கவில்லை. புதிய பள்ளிக்கு அவள் யாரென்றே தெரியாது. பழைய பள்ளியோ, அதாவது நாம், சான்றிதழில் கையொப்பமிட்டு அலமாரியைப் பூட்டிவிட்டோம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு நூறு என்று அறிக்கையும் அனுப்பிவிட்டோம்.

அவளைச் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தோம். எஞ்சிய நால்வரில் இருவரைச் சேர்க்க முடிந்தது. ஒருவன் திருப்பூருக்குப் போய்விட்டான். மற்றவன் மூட்டத்தில் கரி அள்ளுகிறான். அவனுடைய தந்தையார் நம்மைச் சாலையில் கண்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

படிப்பை விடுவதென்பது ஏதோ ஒரு நாளில் எடுக்கும் முடிவென்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒரு முடிவை எவரும் எடுப்பதில்லை. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் பிள்ளை நழுவிவிடுகிறது.

அந்த இடைவெளி எட்டாம் வகுப்பில் ஏன் இத்துணை அகலமாயிருக்கிறது என்பதையும் இளைஞர்கள் அறியவேண்டும். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான் காப்பு அளிக்கிறது. அது எட்டாம் வகுப்போடு முடிகிறது. அரசு வழங்கும் விலையில்லாச் சீருடையும் எட்டாம் வகுப்பு வரைதான். பாடநூல் தொடர்ந்து கிடைக்கிறது, பத்தாம் வகுப்பு வரை மதிய உணவும் உண்டு. சீருடை மட்டும் நின்றுவிடுகிறது. புதிய பள்ளியில் நிறம் வேறு. இரண்டு இணைத் துணி, தையற்கூலி என்று கணக்குப் பார்த்தால் கூலி வீட்டில் அது சிறு தொகையன்று. அந்த மாணவியின் தாயாரும் இறுதியில் தயங்கித் தயங்கிச் சொன்னது இதைத்தான். பெரிய பெரிய காரணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த நமக்கு ஒரு பாவாடை சட்டை தடையாயிருக்கும் என்று தோன்றவேயில்லை.

ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்தால் கிடைக்கக்கூடியவையும் பல. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வெற்றி பெற்றோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டிற்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. படிப்பை விட்டால் வென்ற தொகையும் போயிற்று. பட்டியல் இனத்து மாணவர்க்கென 9, 10ஆம் வகுப்புகளுக்கு 2012 முதல் தனி உதவித்தொகை இருக்கிறது. அதற்கு வருமானச் சான்றும் சாதிச் சான்றும் மாணவர் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். இவற்றை ஜூனில் தேடி அலைவதைவிட மே மாதத்தில் எடுத்துவிடலாம். தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு விடுதி உண்டு. ஆதிதிராவிடர் நல விடுதி என்று நாம் அழைத்து வந்தவை 2025 முதல் சமூகநீதி விடுதி என்னும் பெயர் பெற்றிருக்கின்றன. பெயர் எதுவாயினும் உணவும் உறையுளும் இலவசம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்து பயின்றோர்க்குத்தான் மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. ஒன்பதில் அறுந்த கயிற்றைப் பின்னர் முடிந்துகொள்வது எளிதன்று.

வெல்டர், வயர்மேன் போன்ற தொழில்களுக்கு எட்டாம் வகுப்பே போதுமே, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கலாகாதா என்று சிலர் கேட்கின்றனர். சேர்க்கலாம். வேலைக்குப் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆயினும் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போனால் தேர்ந்தெடுக்கத் தொழில்கள் மிகுதி என்பது நம் கருத்து. பத்தில் தவறினாலும் அவ்வாண்டிலேயே துணைத் தேர்வு உண்டு. முடிவு வெளியான வாரத்திலேயே விண்ணப்பிக்கவேண்டும். அந்த வாரத்தில் பிள்ளை வெளியே வர வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடக்கும், நாமும் போய்ப் பார்க்கமாட்டோம்.

இனி நம் கழகத்தின்மீது ஒரு குறை. அன்போடு சொல்லுகிறோம், நமக்கும் அதில் பங்குண்டு. ஆண்டுதோறும் நாம் விழா எடுப்பது பத்திலும் பன்னிரண்டிலும் முதல் மூன்று இடம் பெற்றோர்க்கு. அவர்கள் எவ்வாறாயினும் படித்துவிடுவர். பாராட்டப்படாவிட்டால் நின்றுவிடக்கூடியவன் எட்டாம் வகுப்பில் நடு வரிசையில் இருக்கிறான்.

அண்ணல் அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ஆங்கில நான்காம் வகுப்புத் தேர்வில் அவர் தேறியபோது, அந்நிலையை எட்டிய முதற் சிறுவன் என்று அவருடைய சமூகத்தார் பொதுக்கூட்டம் கூட்டிப் பாராட்ட விரும்பினர். மற்றச் சமூகங்களின் கல்வியோடு ஒப்பிட்டால் அது கொண்டாடத்தக்க உயரமே அன்று என்று அவரே கூறுகிறார். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று தந்தையார் மறுத்தார். கேளுஸ்கர் என்னும் எழுத்தாளர் வாதாடி அவரை இணங்கவைத்தார். கூட்டமும் நடந்தது. அதன் முடிவில் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவனிடம் பரிசாகக் கொடுத்தார். நடுப்படியில் நின்ற பிள்ளையை ஏழை மக்கள் கூடி வாழ்த்தினர். கொடுத்தது புத்தகம். நாமோ எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நம் வேண்டுகோள் இது. ஜூனில் நோட்டுப் புத்தகம் வழங்கும் வழக்கம் தொடரட்டும். அதனோடு, ஏப்ரல் முதல் வாரத்திலேயே சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பதிவேடு எழுதவேண்டும். தேர்வு முடிந்த ஞாயிறன்று அவர்கள் அனைவரையும், மதிப்பெண் பாராமல், பெற்றோரோடு அழைத்து ஆளுக்கொரு நூல் தந்து பாராட்டவேண்டும். அன்றே ஒன்பதாம் வகுப்புச் சீருடைக்கு அளவு எடுத்துவிடலாம். நம் தெருக்களில் தையற்காரர்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒவ்வொருவரும் மூன்று பிள்ளைகளைப் பொறுப்பேற்று, மாற்றுச் சான்றிதழ் வாங்குவது முதல் புதிய பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுவது வரை உடன் செல்லவேண்டும். சான்றிதழில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை அன்றே சரிபாருங்கள். பொதுத் தேர்வுச் சான்றிதழில் ஏறிய பிழையைத் திருத்த அலைந்து கால் தேய்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். மே மாதத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று இருமுறையாவது போய்ப் பாருங்கள். உறவினர் ஊருக்குப் போயிருந்தால் மகிழ்ச்சி. வேலைக்குப் போயிருந்தால் பெற்றோரிடம் பேசுங்கள். சினந்து பேசாதீர்கள், நாம் செய்த தவறு அது.

பதிவேடு ஒன்றை வாங்கி வந்திருக்கிறோம். முதற் பக்கத்தில் நம் பள்ளியில் இவ்வாண்டு எட்டாம் வகுப்பு பயிலும் நம் பிள்ளைகளின் பெயர்களை எழுதியிருக்கிறோம், மூவர் மூவராக. எதிரே உள்ள பத்தி வெறுமையாயிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேசையில் அது இருக்கும். இளைஞர்கள் வந்து தங்கள் பெயரை எழுதவேண்டுகிறோம்.