வட்டை வைக்கோலும் ஆறாத புண்ணும்

 

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்ததும் வட்டை முழுக்கப் புகை எழும்புகிறது. மாடு தின்றது போக மிச்ச வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். அந்த வைக்கோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலுலோஸ். அதைத்தான் எரிக்கிறோம்!

வைக்கோலைக் காரத்தில் அவித்து, லிக்னினையும் சிலிக்காவையும் கழுவி நீக்கி, பெரும் அமுக்கத்தில் செலுத்தினால் தலைமயிரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய செலுலோஸ் நார் பிரியும். மரக்கூழிலிருந்து இதைச் செய்யும் முறையை 1983இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். 2006இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் அகிரா இசொகாய் குழுவினர் ஒரு வேதிமுறையால் செலவாகும் சக்தியைப் பெரிதும் குறைத்தார்கள். நூற்றுக்கு இரண்டு பங்கு நார் இருந்தாலே தண்ணீர் கூழாகிவிடும். அதில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்து, பரப்பி, உலர்த்தினால் மெல்லிய படலம்.

இது யாருக்கு? சீனி வருத்தத்தால் கால் புண் ஆறாமல் கிளினிக்குக்கும் வீட்டுக்குமாய் அலைகிற நம் அப்பாமாருக்கு, உம்மாமாருக்கு! காலில் இரத்தோட்டம் குறைந்தவருக்கு விழுங்கிய மருந்து புண்வரை போதியளவு போய்ச் சேராது. படலமோ புண்ணின் மேலேயே இருக்கும். நாரின் எதிர்மின்னேற்றம், ஜென்டமைசின் போன்ற நேர்மின்னேற்ற மருந்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சங்கொஞ்சமாய் விடும். ஃபின்லாந்தில் பேர்ச் மரநாரில் செய்த கட்டு, மருந்தேதும் சேர்க்காமலே, வேறிடத்தில் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த காயங்களில் ஒட்டியிருந்து, தோல் வளர்ந்ததும் தானாகக் கழன்றது. ஆனால் நம் உடம்புக்குச் செலுலோஸைக் கரைக்கத் தெரியாது. ஆகவே, இது மேற்புண்ணுக்கு. உள்ளே வைத்துத் தைக்க அல்ல.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மெதுவாக விடுவது மட்டும் போதாது. மதகைத் திறந்ததும் நீரெல்லாம் பாய்ந்துவிட்டால், கடைசி வயலுக்கு ஈரம் மட்டுமே மிஞ்சும். மருந்தும் முதல் சில மணித்தியாலத்தில் பெரும்பங்கு வெளியேறி, பிறகு சொட்டுச் சொட்டாய்க் கசிந்தால், கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கடைசி நாள்வரை கிருமியைக் கொல்லும் அளவு குறையாத படலமே எனக்கு வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், மருந்தில்லாத கட்டே மேல்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. புண்ணுக்கு மருந்து கட்டும் ஆஸ்பத்திரிகள் கல்முனையில் இருக்கின்றன. வைக்கோல் நம் காலடியில்! போடியார்மாரே, வருகிற வெட்டில் ஒரு ஏக்கர் வைக்கோலை ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். மழையில் நனையவிடாதீர்கள். எந்த இன நெல், எந்த வட்டை என்று எழுதிக் கட்டிக் கொடுங்கள். இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண் சிலிக்காவின் அளவு மாறும், அதைப் பொறுத்தே காரத்தின் அளவை அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.