0.9 என்ற எண்ணும் எதிரே இருக்கும் மனிதரும்



இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்தச் சென்னையில்தான். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. 2004 ஏப்ரல் 1-இல் அரசின் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. அன்று முப்பது வயதில் வந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்து, பேரப்பிள்ளைகளின் பேச்சோடு நம் முன் அமர்கிறார்கள். "இவர் பிழைப்பாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் ஆலோசகர்களுமாகிய நாம், "இன்னும் முப்பது ஆண்டுகள் இந்த மாத்திரையை இவர் சிறுநீரகம் தாங்குமா?" என்று கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம். இது நாம் பெற்ற பேறு. இதற்கு விடை தேடுவது நம் கடமை.

கட்டுப்படாத வைரஸ் சிறுநீரகத்தை நேரடியாகவே தாக்கும் என்பதை 1984-லேயே நியூயார்க் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆகவே மருந்தை நிறுத்துவது ஒருபோதும் தீர்வாகாது. ஆனால் நாம் தரும் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர், சிலருக்குச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சேர்ந்து அவற்றின் செல்களைப் பழுதாக்குகிறது. அப்போது இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை வரும், புரதம் வரும், பாஸ்பேட் வீணாகும். பாஸ்பேட் குறைந்தால் எலும்பு மெலிந்து காலும் இடுப்பும் வலிக்கும். வயதாகிவிட்டது என்று எண்ணி நோயாளி மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார். சிறுநீரகத்தின் முறையீடாக வந்த வலிக்கு, சிறுநீரகத்தையே மேலும் கெடுக்கும் மாத்திரை மருந்தாகிவிடுகிறது.

இதை ஏன் தவறவிடுகிறோம்? இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவை மட்டும் நம்புவதால். பரிசோதனைச் சீட்டில் 0.9 என்று இருந்தால் மனநிறைவு அடைந்துவிடுகிறோம். முப்பது வயது, எழுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு அந்த 0.9-ஐ வைத்துக் காக்ராஃப்ட்–கால்ட் முறையில் கணக்கிட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 119 மில்லி வடிகட்டும் திறன் வருகிறது. அறுபது வயது, நாற்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கோ அதே 0.9 தருவது 42 மட்டுமே. டெனோஃபோவிர் டைசோப்ராக்ஸிலைத் தொடரலாமா என்று யோசிக்க வேண்டிய 50 என்ற எல்லைக்கும் கீழே அவர் இருக்கிறார். கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. தசை கரைந்த உடலில் அது குறைவாகவே இருக்கும். சிறுநீரகத்தின் குறையை அது மறைத்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் 0.1 அல்லது 0.2 கூடுவது இயல்பு. நுண்குழாய் வழியே அது வெளியேறுவதை மருந்து தடுக்கிறதே தவிர, வடிகட்டும் திறன் குறைவதில்லை. அதைக் கண்டு அஞ்சி நல்ல மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஏறி நின்றுவிட்டதா, ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் போதும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்காகவும் ஒரு சொல். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. எல்லாருக்கும் கடைப்பிடிக்கும் தொற்றுத் தடுப்பு முறைகளே இவர்களுடைய டயாலிசிஸுக்கும் போதும். தனி இயந்திரம் தேவையில்லை. தனி இயந்திரம் இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கு அறிவியலிலும் இடமில்லை, அறத்திலும் இடமில்லை.

இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள். கிரியாட்டினின் பார்க்கும் நாளில் எடையையும் பாருங்கள், கணக்கிட்டு எழுதுங்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்கும் எளிய சோதனையை விட்டுவிடாதீர்கள். "வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நுண்குழாய்ப் பழுது தொடக்கத்திலேயே தெரிந்து மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சீராகிவிடும். அதற்குத் தேவை ஒரு தராசு, ஒரு சோதனைப் பட்டை, காது கொடுத்துக் கேட்கும் ஒரு நிமிடம்.

அந்த நாற்பது கிலோ பெண்மணியை மனத்தில் நிறுத்தி, இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.