விரிசல் கண்ட முகப்புப் பலகை

மோட்டார்க் காரில் ஓட்டுபவருக்கு எதிரே, வேகமானியும் பிற மானிகளும் பொருந்தியிருக்கும் பலகையை டாஷ்போர்டு என்கிறோம். அப்பெயர் மோட்டார் தோன்றுவதற்கு முன்பே பிறந்தது. குதிரையின் குளம்புகள் வாரியெறியும் சேறு வண்டியோட்டியின் மீது படாதவாறு, குதிரை வண்டியின் முன்புறத்தில் ஒரு பலகையை நிறுத்தினர். குதிரை போயிற்று, பலகையும் பெயரும் நிலைத்துவிட்டன.

இன்று அப்பலகைக்குச் சேற்றால் துன்பமில்லை; வெயிலே அதன் பகை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். கோடை வெயிலில் மூடி நிறுத்திய கார்களில், ஒரு மணி நேரத்திற்குள் டாஷ்போர்டின் வெப்பம் சராசரியாக 69 டிகிரி செல்சியசை எட்டியதாகக் கண்டனர். நாம் வாழும் புணே நகரிலும் ஏப்ரல் மாத வெயில் கடுமையானதே. அதன்பின் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாத மழையும் ஈரமும். இவ்விரண்டுக்கும் இடையே பழைய விளையாட்டுக் கார் ஒன்றைப் பேணுபவர், ஒரு நாள் அதன் முகப்பில் கோடு போன்ற விரிசலைக் காண்பது வியப்பன்று.

விரிசலின் காரணம் பலகையின் வகையைப் பொறுத்தது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய மரத்தகட்டை ஒட்டி, வார்னிஷ் பூசியிருப்பார்கள். 1961ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு 1200 காரில் அத்தகைய பலகையே இருந்தது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் காரை அமைத்தனர். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இறுகிப்போன வார்னிஷ் அவ்வாறு அசையமாட்டாது. ஆதலின் முதலில் அது வெடிக்கிறது. வெடிப்பின் வழியே ஈரம் நுழைந்து மரத்தகட்டைப் பெயர்க்கிறது.

இரண்டாம் வகை, நுரைப்பஞ்சின் மேல் வினைல் போர்த்தியது. மோதலின்போது பயணியின் தலைக்குக் காப்பாக அமைந்தது இது. 1968 முதல் அமெரிக்கச் சட்டம் கார்களின் முகப்பு மோதலின் வேகத்தை ஏற்றுத் தணிக்க வேண்டுமென விதித்தது. 1969இல் ஜப்பானில் பிறந்த டாட்சன் 240இசட் இவ்வகை முகப்பைக் கொண்டது; விரிசலுக்கும் அது பெயர்பெற்றது. வினைலை மென்மையாக வைப்பது அதில் கலந்துள்ள நெகிழ்வூட்டும் பொருள். வெப்பத்தில் அப்பொருள் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் போலப் படிவதில் பெரும்பங்கு அதுவே. நெகிழ்வை இழந்த வினைல் சுருங்கி, ஓரிடத்தில் கிழிகிறது.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா? வினைலில் விரிசல் ஒன்றிரண்டே எனில் பழுது பார்க்கலாம். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பொடிந்த நுரைப்பஞ்சை நீக்கி, காய்ந்த பின்னும் வளையக்கூடிய பசையால் நிரப்பித் தேய்த்து, வினைலுக்கென்றே உள்ள வண்ணம் பூச வேண்டும். இறுகிவிடும் பசையை இட்டால், அடுத்த கோடையில் அதன் ஓரத்திலேயே புதிய விரிசல் தோன்றும். மேலே கவிழ்க்கும் பிளாஸ்டிக் மூடிகளும் உண்டு. அவை விரிசலை மறைக்குமேயன்றிக் குணமாக்கா. நுரைப்பஞ்சு முழுவதும் பொடிந்திருந்தால் மேலுறையைப் புதிதாக வார்ப்பதே தக்கது. காப்பிழந்த முகப்பு விபத்தில் உதவாது.

மரப்பலகையானால் பழைய வார்னிஷை நீக்கிப் புதிய மரத்தகட்டை ஒட்டலாம். பலகையின் பின்புறத்திற்கும் ஈரம் புகாத பூச்சு தேவை. முன்புறத்தை மட்டும் மெருகிட்டால் பலகை வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன் மின்கலத்தின் இணைப்பை நீக்குக. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். திரும்பப் பூட்டும்போது மாற்றிவிடலாகாது. ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு ஒட்டி, படமும் எடுத்துக்கொள்க.

யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. கிர்க்கியில் வாழும் தமிழ் நண்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச்சென்ற இருவர் அமரும் பிரிட்டிஷ் காரைப் புதுப்பிக்க முனைந்தார். விரிசலுற்ற மரப்பலகையை அவசரத்தில் கழற்றி, பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார். பிறகே தச்சர், "அண்ணா, அளவுப் பலகை எங்கே?" என்று கேட்டார். மானிகளுக்குரிய துளைகளின் இடமும் விட்டமும் அப்பலகையில் அன்றி வேறெங்கும் இல்லை. அது மட்டுமன்று, தந்தையார் அதில் ஒரு சிறு பிள்ளையாரைப் பொருத்தியிருந்தார். பிள்ளையாரை நண்பர் எடுத்து வைத்துக்கொண்டார்; அவர் வீற்றிருந்த இடத்தின் இரு திருகுத் துளைகள் பலகையோடு போய்விட்டன.

நண்பர் ஞாயிறுதோறும் ஜுனா பஜாரில் தேடினார். மூன்றாம் ஞாயிறு, பழைய கதவுகளுக்கிடையே தம் பலகையைக் கண்டெடுத்தார். புதிய பலகை அதன் அளவிலேயே உருவாயிற்று. தச்சர் அவ்விரு திருகுத் துளைகளையும் மறவாமல் இட்டுக் கொடுத்தார். பழைய பலகை இன்று நண்பரின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம், புதியதை ஏற்காமல் இருக்க முடியாது. ஆயினும் புதியது பொருந்தி அமையும்வரை பழையதை எறிந்துவிடலாகாது. அதன் அளவு வேறெவரிடமும் கிடைக்காது. இது காருக்கு மட்டும் உரிய விதி அன்று.