எழுத்தறிந்தார்க்கு அடுத்த நூல்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பின் அருகில் நாம் கூடியிருக்கிறோம். 1876இல் ஜாகரும் பின்னர் அலெக்சாண்டர் ரீயும் இங்கே அகழ்ந்த வரலாற்றை நம் மேடையில் பலமுறை பேசிவிட்டோம். இன்று, வாழ்கின்றவர்களைப் பற்றிப் பேச இசைவு வேண்டுகிறேன். ஊரார் தாமே முன்வந்து செய்த கல்வித்தொண்டே என் பொருள்.

இத்தொண்டு நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 1956இல் எட்டயபுரத்தில் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் ஊர்மக்களின் நன்கொடையை நம்பியே அடுப்பு எரிந்தது. அரசின் நிதி பிறகுதான் வந்தது. நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் கொடுத்த கை ஊராருடையதே.

ஆயினும் பொருள் கொடுப்பது எளிது. மாலைப்பொழுதைக் கொடுப்பது அரிது. அதைக் கேட்டது அறிவொளி இயக்கம். 1990இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதை அடுத்து அந்த அலை தமிழகத்துக்கு வந்தது. புதுக்கோட்டையில் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குவாரியைத் தாமே குத்தகைக்கு எடுத்தார்கள். நெல்லைச் சீமையில் அப்பணியில் முன்னின்ற எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அவர்கள் தம் பட்டறிவை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாக்கியிருக்கிறார்கள். படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டுகிறேன்.

அந்நாளில் அடியேனும் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சிற்றூருக்குத் தொண்டனாகச் சென்றேன். ஊதியம் கிடையாது. அரிக்கேன் விளக்கு ஒன்று, கரும்பலகை ஒன்று, பாடநூல். அந்நூல் அகரத்தில் தொடங்கவில்லை. நிலத்துக்கு ஏங்குபவர் நன்கறிந்த ‘பட்டா’ என்னும் சொல்லில் தொடங்கியது. தமிழ் இலக்கணம் கற்ற எனக்கு முதலில் அது குறையாகவே பட்டது. இரண்டே வாரத்தில் என் கருத்து மாறியது. பதநீர் இறங்கும் பருவத்தில் வகுப்பே நடவாது. பெண்கள் விடிலியில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அடுப்படிக்கே பலகையைக் கொண்டுபோனேன். புகையில் கண் எரியக் கற்பித்ததைவிட, அங்கே நான் கற்ற சொற்களே மிகுதி.

பாடநூலை முடித்த மூதாட்டி ஒருவர், “அடுத்த புத்தகம் எங்க தம்பி?” என்று கேட்டார். என்னிடம் இருந்தது நானே அச்சிட்ட கவிதைத் தொகுப்பு. பெருமையோடு கொடுத்தேன். விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு பக்கத்தைப் படித்து முடித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இது ஆருக்குத் தம்பி எழுதுனது?” என்றார். ஏளனம் இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

புதிதாய்க் கற்றோருக்கென்று இயக்கத்தார் சிறுநூல்கள் வெளியிட்டது உண்மையே. எங்கள் ஊரில் அவை போதவில்லை. இயக்கம் ஓய்ந்தது, தொண்டர்கள் வேலை தேடிச் சென்றோம், நானும் சென்றேன். சில ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்தபோது அந்த அம்மையார்க்குக் கையெழுத்து மட்டுமே எஞ்சியிருந்தது. கற்பித்தோம், கைவிட்டோம் என்பதை மழுப்ப நான் விரும்பவில்லை.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், பெரும்பாலும் இளம்பெண்களாகிய தன்னார்வலர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் மாலைதோறும் திண்ணைகளில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார்த்தினார்கள். அப்போதும் எனக்கு அந்த மூதாட்டியின் கேள்வியே நினைவுக்கு வந்தது.

நம் வட்டம் பத்தாண்டுகளாகக் கவியரங்கம் நடத்துகிறது. நம் கவிதையை நாமே கேட்டு, நாமே கைதட்டுகிறோம். இம்மலரைப் பிரிப்பவர்களும் பெரும்பாலும் இதில் எழுதியவர்களாகவே இருப்பார்கள். என் வேண்டுகோள் சிறியது. பெரிய எழுத்தில், பதினாறு பக்கத்தில், ஆண்டுக்கு நான்கு சிறுநூல்கள் போடுவோம். அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் இவ்வூரில் அண்மையில் எழுத்தறிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுப்போம். அவர் தட்டுத்தடுமாறும் இடத்தில் பொறுமையாக உட்கார்ந்து வரியைத் திருத்துவோம்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பள்ளித் தாழ்வாரத்துக்கு வருகிறேன். திருத்துவதற்கு என் கவிதையையே முதலில் கொண்டுவருகிறேன். உடன்வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.